தினம் இரண்டு வரிசை

பாட்டி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, பிரார்த்தனைக் கூடத்தில் அவளை நினைத்து இரண்டு பேர் பேசவேண்டும், ஒருத்தர் மாமா, இன்னொருத்தர் நீ என்று அம்மா சொன்னபோது, மாமா ஒருத்தர் போதாதா என்று கேட்டான் பல்செட். பல்செட் என்பது வீட்டில் அவனுக்கு வைத்த பெயர். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்யும் பட்டறையில் அவனுக்கு வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, அரை மயிரிழை கோணினாலும் பிடுங்கி மறுபடி நடும் பொறுமையான கை. அந்தக் கைதான் அவனைக் கெடுத்தது.

"நீதானே அவங்களுக்குச் செல்லம். நீ பேசாம வேற யாரு பேசுவா?" என்றாள் அம்மா.

செல்லம்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பாட்டிக்கு வீட்டு மனிதர்கள், சாமி, கம்பளி நூல், இவ்வளவுதான் உலகம். இந்த மூன்றையும் அவள் தனித்தனியாக வைத்துக்கொண்டதே இல்லை. யாருக்குப் போர்வை பின்னுகிறாளோ அவருக்காக ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு பிரார்த்தனை. மாமாவின் போர்வையைப் பின்னிய நாட்களில் மாமா பாட்டுக்குச் சோபாவில் குறட்டை விடுவார், எதிர் நாற்காலியில் பாட்டி அவருக்காகச் சாமியிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். சிகரெட்டை விட்டது அந்தப் போர்வையால்தான் என்று மாமா இன்றைக்கும் சாதிப்பார். நடுவில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்ததை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்.

எல்லோருக்கும் பின்னி முடித்தபிறகு கடைசியாகப் பல்செட்டின் போர்வைக்கு ஊசி எடுத்தாள்.

"கடைசில வெச்சேன்னு கோச்சுக்காத ராசா. உனக்குப் பின்னும்போது வேற யாரு நெனப்பும் குறுக்க வரக்கூடாதுன்னுதான். இது முடிஞ்சா என் வேலை முடிஞ்சுது. அப்புறம் சாமி எப்பக் கூப்பிட்டாலும் கெளம்பிடுவேன்."

வேறு பாட்டி சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இவள் சொன்னால் சொன்னதுதான். பேரன் நல்லபடியாகப் பிறந்தால் சர்க்கரையைத் தொடமாட்டேன் என்று ஒரு முறை சாமியிடம் சொல்லிவிட்டு, இருபத்தொன்பது வருடமாக முகம் சுளித்துக்கொண்டே கசப்புக் காபி குடித்தவள். பல்செட் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஒரு நாளைக்கு நாலு வரிசை. இப்படியே போனால் நாலு மாதத்தில் போர்வை முடிந்துவிடும்.

அவன் ஒன்றும் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. ஆனால் பாட்டி விஷயத்தில் அவனுக்குப் புத்தி வேலை செய்யாது. காலையில் அவள் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போயிருக்கும்போது, பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன்னால், பின்னலில் இரண்டு வரிசையைப் பிரித்தான். கண்ணிகளை ஒன்றுவிடாமல் ஊசியில் திரும்பக் கோத்து, நூலை உருண்டையில் சுற்றி, இருந்த இடத்தில் இருந்தபடி வைத்தான். மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும். பாட்டிக்கு ஆயுள் கூட்டிக்கொடுத்த பெருமையில் அந்த மடையன் வேலைக்கு விசிலடித்துக்கொண்டே போனான்.

பின்னிப் பிரித்த நூலில் நெளிவு விழும், எவ்வளவு இழுத்துச் சுற்றினாலும் அது போகாது என்பதை அவன் யோசிக்கவேயில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பாட்டி ஜன்னல் வெளிச்சத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"இத தொட்டுப் பாரு. பின்னிப் பிரிச்ச நூலுதான் இப்படி நெளியும். போன வாரம் ஒரு சாண் மூணு விரல் இருந்துச்சு. இப்ப ஒன்றரைச் சாண்தான் ஆயிருக்கு, ஒரு வாரத்துல பாதி வேலையக் காணோம். நான் எதுக்குப் பிரிச்சேன்? எப்பப் பிரிச்சேன்?"

பல்செட் நூலைத் தொட்டான்.

"இந்த வீட்ல என்னத் தவிர ஊசி புடிக்கறவங்க கெடையாது. அப்போ நான்தான் பிரிச்சிருக்கணும். எனக்குத்தான் ஞாபகம் இல்ல. நீ பாத்தியா ராசா?"

தன் புத்தியைச் சந்தேகப்பட்டாளே தவிர, வீட்டில் ஒருத்தரையும் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை. அங்கேயே காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாட்டி காதைத் திருகியிருப்பாள், ஒரு பாட்டம் திட்டியிருப்பாள், விஷயம் அதோடு போயிருக்கும்.

"ஆமா பாட்டி," என்றான் அவன். "நேத்து சாயங்காலம் நீதான் உக்காந்து பிரிச்சிட்டிருந்த. நான் பாத்தேன்."

ஏன் சொன்னான்? மாட்டிக்கொள்ளும் பயம், அவ்வளவுதான். பாசம் அது இது என்று அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

பாட்டி ஊசிகளைச் சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்தாள். பிறகு எடுக்கவேயில்லை. வாரா வாரம் கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பவள், வரி மாறிப் படிச்சிடுவேன் என்று பிரார்த்தனைப் புத்தகத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டாள். அணைக்க மறந்துவிடுவேன் என்று அடுப்புப் பக்கம் போவதை நிறுத்தினாள். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். வயசானா சகஜம்தான் என்றார் அவர். இரண்டு தடவை பல்செட் உண்மையைச் சொல்ல அவள் அறை வாசல்வரை போனான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தான். ஏழு மாதத்தில் நெஞ்சில் சளி கட்டிப் பாட்டி போய்ச் சேர்ந்தாள். போர்வை ஒன்றரைச் சாணிலேயே நின்றுவிட்டது.

நினைவு நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, என்ன பேசுவது என்று கேட்க அம்மாவைத் தேடிப் போனான். அம்மா சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. இருபது வருடமாக ஒரு புகார் கிடையாது.

"வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்டா."

"எதுக்கு?"

"நேத்து சாவியத் தேடு தேடுன்னு தேடி, கடைசில ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தேன். அம்மாவுக்கு வந்தது எனக்கும் ஆரம்பிச்சிருச்சு. இது பரம்பரையா வருமாமே. யாருக்காவது மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேன்னா, உசுரு போயிடுமேடா."

பல்செட் அந்தக் கடிதத்தைத் தள்ளி வைத்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"பாட்டிக்கு ஒண்ணுமே வரலம்மா."

எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு வரிசை, நெளிந்த நூல், நான் பாத்தேன் என்று சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. அம்மா திட்டுவாள், கை நீட்டினாலும் நீட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"டாக்டர்கிட்ட போய்ட்டு வந்ததுலேருந்து, தினம் காலைல அவங்கள உக்கார வெச்சுக் கேள்வி கேப்பேன்," என்றாள். "இன்னைக்கு என்ன கெழமை, எதிர் வீட்ல எத்தன பேரு, உன் பேரன் என்ன வேலை பாக்கறான். எல்லாத்துக்கும் சரியாத்தான் சொன்னாங்கடா. ஒரு நாளும் தப்பா சொல்லல. சொல்லிட்டு, சரியான்னு என் மொகத்தையே பாப்பாங்க. நான் ஒரு நாளும் சரின்னு சொன்னதில்ல. இன்னைக்கு ஏதோ தப்பிச்சிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்."

அம்மாவின் பாரத்தை இறக்கி வைக்கலாம் என்று வாயைத் திறந்தவன், தன் பாரத்தில் பாதியை அவள் தலையில் வைத்துவிட்டான். அம்மா கடிதத்தை நாலாக மடித்தாள்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. கூடத்துலயும் சொல்லு," என்றாள்.

கூடத்தில் மாமா முதலில் பேசினார். பாட்டியின் பக்தி, பாட்டியின் கைவேலை, சிகரெட் கதை எல்லாம் நன்றாகத்தான் வந்தது. கடைசியில், "பாவம், கடைசி காலத்துல ஞாபகம் தப்பி, எங்களையே மறந்துட்டாங்க," என்றார். நாலைந்து பேர் உச்சுக்கொட்டினார்கள்.

பல்செட் எழுந்தான்.

"மாமா சொன்னது தப்பு. பாட்டிக்கு ஞாபகம் தப்பல. அவங்க எதையும் மறக்கல. பின்னினதப் பிரிச்சது நான். நீதான் பிரிச்சேன்னு அவங்ககிட்ட சொன்னதும் நான்தான்."

மீதியையும் சொல்லி முடித்து உட்கார்ந்தான். பிறகு பெரியவர் ஒருவர் வந்து அவன் தோளில் தட்டி, "பாசத்துலதானே செஞ்சே தம்பி, விடு," என்றார். பின்வரிசையிலிருந்து வந்த வயதான பெண் ஒருத்தியும் அதையேதான் சொன்னாள். அவர்கள் தட்டத் தட்ட அவனுக்கு உடம்பு கூசியது. நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

பக்கத்தில் அம்மா யாரையும் பார்க்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, பாட்டி எதிரே உட்கார்ந்திருப்பதுபோல், "சரிம்மா," என்றாள். "நீங்க சொன்னது சரி. இன்னைக்கும் சரி." கிழமை, எதிர் வீடு, பேரன் வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை நிறுத்தச் சொல்லும் தைரியம் பல்செட்டுக்கு இல்லை.