பட்டனில் இருந்த விரல்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவளை எல்லோரும் டவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. ஓடுபாதையின் ஓரத்தில், விமானங்களை நிறுத்தும் ஹாங்கரை ஒட்டினாற்போல் ஒரு அறை. அதில் ஒரு ஜன்னல், ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு ரேடியோ. வருகிற விமானத்துக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பாதை காலியாக இருக்கிறதா என்று சொல்வது அவள் வேலை.

அவள் கணவன் அங்கே நான்கு இருக்கை விமானம் ஓட்டினான். அவனுக்குக் கேப்டன் என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். "நாலு பேர் ஏறினா மூச்சு வாங்குற வண்டி, அதுக்கு ஒரு கேப்டன்" என்று சிரித்தவன் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அண்ணன்தான் அங்கே மெக்கானிக். சாப்பிட உட்காரும்போதுகூடச் சட்டைப்பையில் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டு நிற்கும். அவன் பெயரும் ஸ்பேனர்தான். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவனே. "இவன் இறக்கினா பல்லு ஆடாதும்மா, நம்பிக் குடுக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னான். அதுதான் விசாரித்த லட்சணம். அதற்குப் பிறகு மாமன் மச்சான் இருவரும் நகமும் சதையுமாகத் திரிந்தார்கள். நடுவில் தான் எதற்கு என்று அவளுக்கே சில சமயம் தோன்றும்.

அன்று இருவரும் பக்கத்து ஊர் விமான நிலையத்தில் ஒரு விமானத்தைப் பழுது பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே தூறல். பெரிய மழை இல்லை, காற்றும் இல்லை. துணி காயாது, உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும், அந்த மாதிரி ஒரு நாள். வானிலையில் பயப்பட எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

கணவனின் குரல் ரேடியோவில் வந்தது. இறங்க வருவதாகச் சொன்னான். அவள் காற்றையும் பாதையையும் சொன்னாள். "டீ போட்டு வை, உங்கண்ணன் தொணதொணங்கறான்" என்றான். ரேடியோவில் இதெல்லாம் பேசக்கூடாது. அவள் சிரித்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மறுபடியும் அவன் குரல். "எஞ்சின் சுத்து குறையுது. த்ராட்டில் தள்ளினாலும் குறையுது." குரலில் சிரிப்பு இல்லை.

அவள் பதில் சொல்ல மைக்கை எடுத்தாள். சொல்ல முடியவில்லை.

விமானத்தின் கைப்பிடியில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் பேசலாம். விட்டால்தான் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்கும். அவன் விடவில்லை. பயத்தில் கைப்பிடியை இறுக்கிய விரல் பட்டன்மேலேயே இருந்துவிட்டது. அந்த விமானத்துக்குள் நடந்தது அத்தனையும் அவள் அறைக்குள் வந்து கொட்டியது. அவள் சொன்ன ஒரு சொல்லும் அங்கே போகவில்லை.

அண்ணனுக்கு ஹெட்செட் மாட்டினால் தலைவலி வரும். எப்போதும் பக்கத்தில் குனிந்து காதருகே கத்தித்தான் பேசுவான். அந்தக் குரல் எஞ்சின் இரைச்சலுக்கு அடியிலிருந்து, தேய்ந்து, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"கார்புரேட்டர்ல ஐஸ் மாப்ள. ஹீட்டை இழு. முழுசா இழு."

ஹீட் குமிழை அவன் இழுத்திருக்க வேண்டும். எஞ்சின் சத்தம் சட்டென்று மோசமாயிற்று. இருமல் கண்டவன் மார்பைப் பிடித்துக்கொண்டு குலுங்குவது போல ஒரு சத்தம்.

"நின்னுடும் மச்சான்."

"நிக்காது. ஆடட்டும், அப்படியே விடு. இன்னும் கொஞ்சம் பொறு."

"நின்னுடும்."

"உள்ள தள்ளாத மாப்ள."

இருமல் நின்றது. சத்தம் ஒரு கணம் சீராயிற்று. குமிழை அவன் உள்ளே தள்ளிவிட்டதால் வந்த சீர் அது என்று அவளுக்கு உடனே விளங்கியது. "வெளிய இழுங்க, தள்ளாதீங்க" என்று மைக்கில் கத்தினாள். பட்டன் இன்னும் அழுத்தியபடியே இருந்தது. எஞ்சின் மெல்ல மெல்ல இளைத்தது. அண்ணன் கையை நீட்டி மறுபடி இழுத்தான் போலிருக்கிறது; "இப்ப சூடே இல்லடா அதுல" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. பிறகு இருவரும் பேசவில்லை. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது.

ஓடுபாதைக்கு எட்டாமல், அதற்கு முந்திய வயலில், வரிசையாய் நின்ற மரங்களில் விமானத்தின் வலது பக்கம் மோதியிருந்தது. அண்ணன் உட்கார்ந்திருந்தது வலது பக்கம்.

கணவனுக்கு இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிவு, தலையில் அடி. கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மச்சான் எங்க?" அவள் சொன்னாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுததில் கட்டுப் போட்ட இடுப்பு வலித்து அதற்கும் சேர்த்து முனகினான். அவள் அவன் தோளைத் தடவிக்கொடுத்தாள். தன் கை எதைத் தடவுகிறது என்று அந்தக் கைக்கே தெரியவில்லை.

விசாரணை அதிகாரி வந்தார். பொறுமையான மனிதர், ஈரக் குடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவளிடம் கேட்டார்: "கடைசியா என்ன சொன்னாரு?"

"சுத்து குறையுதுன்னார். அப்புறம் ஒண்ணும் இல்ல சார்."

அந்த அறையில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி கிடையாது. அவள் சொன்னதுதான் கணக்கு. ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வாய் தானாக மூடிக்கொண்டது. ஒருவன் போய்விட்டான், இருப்பவனையாவது காப்பாற்று என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லியிருக்கலாம்.

கணவனிடமும் கேட்டார்கள். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தலையில் பட்ட அடியில் கடைசிப் பகுதி அவன் நினைவிலிருந்து துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது. "சுத்து குறைஞ்சுது. ஹீட்டை இழுத்தேன், அது ஞாபகம் இருக்கு. அப்புறம் மரம்தான்" என்றான். ஹீட்டை இழுத்த பிறகும் எஞ்சின் போயிற்று என்றால் வேறு என்ன காரணம்? எஞ்சினைக் கழற்றி மேடையில் பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். புது எஞ்சின் போலக் குறையே இல்லாமல் ஓடியது. கார்புரேட்டரில் இருந்த ஐஸ் வயலிலேயே உருகித் தண்ணீராய்ப் போயிருந்தது. முன்பக்கம் நசுங்கிக் கிடந்ததில் எந்தக் குமிழ் உள்ளே இருந்தது, எது வெளியே இருந்தது என்று சொல்ல வழியில்லை.

மிச்சம் இருந்தது பெட்ரோல். பக்கத்து ஊரில் டிரம்மிலிருந்து நிரப்பியிருந்தார்கள். ஈர நாளில் டேங்க்கின் அடியில் தண்ணீர் சேரும். கிளம்புமுன் கொஞ்சம் வடித்து, கண்ணாடிக் குவளையில் பார்க்க வேண்டும். மெக்கானிக் உடன் வந்தால் அது மெக்கானிக் வேலை. அவன் வடித்ததை யாரும் பார்க்கவில்லை. "தண்ணி இருந்திருக்குமோ?" என்று கணவனே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். "மச்சான் அப்படி விடுறவன் இல்லியே. ஆனா வேற என்ன?"

அந்தப் பேச்சு ஹாங்கருக்குப் போயிற்று. ஹாங்கரிலிருந்து ஊருக்குப் போயிற்று. இதற்கெல்லாம் பெட்ரோல் தேவையில்லை.

ஒரு மாலை அண்ணி வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சமையலறை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணிய வடிக்காம விட்டுட்டார்ங்கறாங்க. அப்படியா?"

"யார் சொன்னா அண்ணி?"

"எல்லாரும்தான். கடையில ஒருத்தர் என்னைப் பார்த்து, பாவம், அவன் தப்புக்கு அவனே போய்ட்டான்னார். எனக்கு ஆறுதல் சொல்றாராம்." அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வீட்டுல குழாய் சொட்டினாக்கூடத் தூங்க மாட்டார். வடிக்காம இருந்திருப்பாரா? எனக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. "வந்து சொல்றேன் அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் ஒரு தடவை இந்தக் கார்புரேட்டர் சங்கதியை அவளுக்கு விளக்கியிருந்தான். "அதோட தொண்டை குறுகலா இருக்கும். காத்து அதுல வேகமாப் போகும், பெட்ரோல் ஆவியாகும், ரெண்டும் சேர்ந்து தொண்டையைச் சில்லுன்னு ஆக்கிடும். வெளியில ஐஸ் பிடிக்கற குளிரே வேண்டாம். ஈரக் காத்து இருந்தாப் போதும். அப்ப ஹீட்டை இழுத்தா, சைலன்சர் பக்கம் சுடுற காத்து வந்து ஐஸை உருக்கும். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கற மாதிரின்னு வெச்சுக்கயேன். முதல்ல மூக்கு இன்னும் ஒழுகும். உருகின தண்ணியெல்லாம் எஞ்சினுக்குள்ள போய்த் திணறும், ஆடும். அப்ப பயந்துபோய் உள்ள தள்ளிட்டா செத்தோம். எஞ்சின் பலமா ஓடுறப்பதான் சைலன்சர்ல சூடு இருக்கும். லேட்டா இழுத்தா அதுவும் இருக்காது."

அண்ணி வந்துபோன மறுநாள் பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பக்கத்துப் படுக்கைக்காரரை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும். முழுசாச் சொல்லி முடிக்கற வரைக்கும் நடுவுல பேசாதீங்க."

சொன்னாள். பட்டனில் இருந்த விரலைச் சொன்னாள். அண்ணன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அவன் முகத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. யாரோ இன்னொருவன் கதையைக் கேட்பவன் போலத்தான் இருந்தான். 'உள்ள தள்ளாத மாப்ள' என்று அவள் சொன்னபோது வலது கை மட்டும் போர்வைக்கு மேல் லேசாக அசைந்தது. எதையோ முன்னால் தள்ளுவது போல.

அவள் முடித்ததும் கேட்டான். "நீ பேசினியா?"

"பேசினேன்."

"என்ன சொன்ன?"

"வெளிய இழுங்கன்னேன். உங்களுக்குக் கேக்காது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எனக்கு ஞாபகம் இல்ல. சத்தியமா இல்ல. நான் வேணும்னு மறைக்கல."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் இவ்ளோ நாள் சொல்லல?"

"தெரியல. நீங்களாவது நிம்மதியா இருங்கன்னு நினைச்சேன் போல. அண்ணி வந்து நின்னதுக்கு அப்புறம் அது முடியல." அவள் எழுந்தாள். "அதிகாரிகிட்ட நான் சொல்லப் போறேன். நான் மறைச்சதையும் சேர்த்துத்தான். அண்ணிகிட்ட யார் சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அதிகாரி அவளைக் கடிந்துகொண்டார். கடிந்துகொள்ள வேண்டியதுதான். பிறகு பேனாவை மூடிவிட்டு, "நிறையப் பேர் அந்த இடத்துல உள்ள தள்ளிடறாங்கம்மா" என்றார். "சரி பண்ணப் போனா முதல்ல மோசமாகும்னு படிச்சிருப்பாங்க, பரீட்சையில எழுதியும் இருப்பாங்க. சத்தம் கேக்கறப்ப கை படிச்சதைக் கேக்காது." அதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணியிடம் அவனே போனான். இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றிக்கொண்டு, மனைவியின் துணையோடு, படி ஏறவே பெரும்பாடு பட்டான். உள்ளே போய் நின்றபடியே சொன்னான். உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. அவன் முடித்ததும் அண்ணி கேட்டது ஒன்றுதான்.

"கடைசியில உங்களைத் திட்டினாரா?"

அவனுக்குத் தெரியாது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"இல்ல அண்ணி" என்றாள் அவள். "திட்டல."

அண்ணி தலையசைத்தாள். "அவரு தண்ணியப் பார்த்தாரு. அது போதும் எனக்கு." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க இனிமே இங்க வராதீங்க. சாபம் எல்லாம் குடுக்கல. உங்களைப் பார்த்தா அந்தக் கையைத்தான் பார்க்கறேன். என்னால முடியல." அவளிடம், "நீ மட்டும் வா" என்றாள்.

அறிக்கை வந்தபோது அதில் பெட்ரோல் சரியாக இருந்தது என்றும், பராமரிப்பில் குறையில்லை என்றும் எழுதியிருந்தது. அதன் ஒரு பிரதியை யாரோ ஹாங்கர் சுவரில் ஒட்டினார்கள். கடைக்காரர் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பேச்சையே மறந்துவிட்டவர் போல நடந்துகொண்டார்.

கணவன் விமானம் ஓட்டுவதை விட்டான். யாரும் விடச் சொல்லவில்லை. உதிரி பாகக் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இழுத்து இழுத்து நடந்து போய் வந்தான். வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. சண்டை என்று ஒன்று வந்தாலாவது தேவலை என்று இருவருக்கும் தோன்றியது, அதுவும் வரவில்லை. அவள் வாரம் தவறாமல் அண்ணி வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அவன் கதவைத் திறப்பான், எப்படி இருக்காங்க என்று கேட்க வாயெடுப்பான், கேட்கமாட்டான்.

ஒரு விடுமுறை நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் அவன் திடீரென்று கேட்டான். "நீ சொல்லாமலே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவள் ஒரு போர்வையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். இருவருமாக உதறினார்கள்.

"கூடவேதான் இருந்திருப்பேன்" என்றாள். "ஆனா உங்களைத் தினமும் வெறுத்திருப்பேன்."

"இப்ப?"

அவள் போர்வையை மடித்து அவன் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

"இப்ப பாதி நாள்தான்" என்றாள்.

அவன் தலையாட்டினான். கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினான்.