செத்த எலும்பு

கவுஞ்சி மலைக்கிராமத்துப் பூண்டு வயலில் களைக்கொத்து பட்டு வேலுத்தாயின் முழங்காலுக்குக் கீழே உண்டான புண், வருடங்கள் போயும் ஆறவில்லை. மேலே மூடும், உள்ளே சீழ் கோத்து மறுபடி உடையும். நாற்றத்துக்குப் பிள்ளைகள் தள்ளிப் படுத்தன. அவளுக்கு அதுவும் பழகிப்போயிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் கணவன் திருமலைச்சாமி அவளைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "எலும்புல ஒரு துண்டு செத்துக் கெடக்கு. ரத்தம் போகாத எடத்துக்கு மருந்தும் போகாது. அதை எடுத்தாத்தான் புண்ணு ஆறும்."

"காலையே எடுத்துருவீங்களாம்மா?" என்று திருமலைச்சாமி பதறினான். எடுத்தாலும் சரி என்றுதான் வேலுத்தாய்க்கு இருந்தது.

கால் தப்பியது. மயக்கம் தெளிந்தவளிடம் நர்ஸ் ஒரு கிண்ணத்தைக் காட்டினாள். அரித்துப்போன, விரல் நீள எலும்புத் துண்டு.

"இதாங்க்கா இத்தனை நாளா உங்களைப் படுத்துனது."

திருமலைச்சாமி தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். வேலுத்தாய் வெறுமனே பார்த்தாள். "தூரப் போட்டுருங்க" என்றாள்.

பென்சிலின் ஊசி வாரக்கணக்கில் போட்டார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து புண் மூடியது. ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி ஓடி வந்தாள்.

"வலி போச்சாடி?"

"போச்சுக்கா."

சின்னத்தாயி அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினாள். வலி போன இடத்தில் சந்தோஷம் எதுவும் வந்திருக்கவில்லை; வேலுத்தாய் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினாள்.