பால் வெட்டும் டைனோசர்கள்

சுகுமாறன் காலை ஐந்தரைக்கு எழுவான். முகம் கழுவி, தண்ணீரைக் கொதிக்கப் போட்டு, மகள் தனேஸ்வரியின் பாலர் பள்ளிச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு, பின்கட்டிலுள்ள பட்டறைக்குப் போய் துண்டு துண்டாய்க் கோத்த மர டைனோசர் பொம்மைகளுக்குப் பால் வெட்டுவான். வயிற்றில் உளியால் சாய்வாக ஒரு கீறல், கீழே பால் பிடிக்கச் சின்ன மங்குக் கிண்ணம். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். மழை நாளில் வெட்டுவதில்லை.

மில்லில் அறுத்துக் காயவைத்த ரப்பர் மரப் பலகைதான். மரம் சாய்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் துண்டுகளைக் கோத்து முழு உருவமாக நிறுத்தியதும் பால் ஊறும். வெட்டாமல் அதிக நாள் விட்டால் துண்டுகள் ஊதிப்போய்ப் பிள்ளைகளின் கையில் கழலாது. அவர்கள் ஊரான புக்கிட் ரோத்தானில் இது பழகிவிட்டது. பிறந்தநாளுக்கு வாங்குகிறவர்கள் பெட்டியோடு உளியையும் கேட்டு வாங்கினார்கள். அவற்றை வாங்கி விற்கும் செகிஞ்சான் சீனக் கடைக்காரர் மட்டும் மேசை விரிப்பில் கறை படுகிறது என்று திட்டினார். பிள்ளை வளர்ந்து மறந்ததும் பால் வற்றும். வற்றியது பிரிந்து விழும். பிறகு எந்தத் துண்டும் எதனோடும் பொருந்தாது. அதற்காக யாரும் வருந்தியதில்லை.

முன்பு வரைந்ததும் அறுத்ததும் அவன் மனைவி குமுதா. அவன் ராவாங்கில் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மணல்தாள் தேய்த்துக் கொடுப்பான். போன வருஷம் குமுதா டெங்கியில் இறந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பால் வெட்டியது அவன்தான். அவன் வேலையை விட்டுவிட்டு ரம்பத்தின் முன் உட்கார்ந்தான். அவள் கடைசியாக அறுத்தது தனேஸ்வரிக்கு, முதுகில் தட்டுகள் நிற்கும் ஒன்று. தாளில் வரையாமல் பலகையிலேயே கோடு போட்டு அறுத்திருந்தாள். அதுபோல் இன்னொன்று செய்ய முடியாது.

தைப்பூசம் கழிந்து அதில் பால் குறைந்தது. மற்றவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டியவன், இதைத் தினமும் வெட்டிப் பார்த்தான். பிறகு மாலையிலும். பால் இருந்தால் ஒரு மணி நேரம் நிம்மதி. பிறகு மறுபடி சந்தேகம் வரும்.

பக்கத்து வீட்டு அப்பளசாமி, செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர், வேலியோரம் நின்று சிரித்தார்.

“என்னா சுகு, கறவ மாடா அது? ரெண்டு வேளையும் கறக்குற!”

“பால் இருக்கான்னு பாக்குறேண்ணே.”

“இருந்திச்சா?”

“கொஞ்சம்.”

“அப்ப மூடி வையி லா. பாத்துப் பாத்தே அதக் கொன்னுருவ போலருக்கே.”

அடுத்த வாரம் முதுகுத் தட்டு ஒன்று கழன்று விழுந்தது. சுகுமாறன் அதை எடுத்துச் செருகினான். நிற்கவில்லை.

“அப்பா, இது செத்துருமா?”

“இல்ல.”

“அம்மாவுக்கும் இல்லன்னுதான சொன்னீங்க?”

அவன் உளியை எடுத்து டைனோசரைத் திருப்பினான். வயிறு முழுக்கக் கீறல். கீறலின் மேல் கீறல். உளி வைக்க இடமில்லை. பிறகு உளியை அலமாரியின் மேல் வைத்தான்.

பல வாரங்கள் அவன் அதை வெட்டவில்லை. பால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே எழுந்தான், தெரியாமலே படுத்தான். நினைப்பு அதிலேயே இருந்ததால் சில துண்டுகளைக் கோணலாக அறுத்தான். சித்திரையில் பார்த்தபோது, காய்ந்த பலகையாலான அந்த டைனோசரின் வயிற்றில் புதுப் பட்டை வளர்ந்திருந்தது. கழன்ற தட்டைச் செருகினான், நின்றது. அப்பளசாமி வந்து தடவிப் பார்த்து, நல்ல பட்டை என்று சொல்லிவிட்டு லோரி ஏறப் போனார்.

“வெட்ட வேணாம்னு யாருப்பா சொன்னா?” என்று தனேஸ்வரி கேட்டாள்.

“அம்மா.”

“எப்ப?”

“ஆஸ்பத்திரியில. கடைசியா.”

“என்னா சொன்னாங்க?”

குமுதா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்ட உறவினர்களிடமெல்லாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றே அவன் சொல்லியிருந்தான். மகளிடம் அவள் சொன்னதை உள்ளபடியே சொன்னான்.

“மழ வரும்போல இருக்குங்க. நாளைக்கு வெட்டாதீங்க, சும்மா விடுங்க.”