ஆறு ரப்பர் சக்கரம்

ரோபோவுக்கு எந்தச் சக்கரம் போடுவது என்பதில் கேப்டன் பிரவீனா ஒரு பக்கம், அணியின் மற்ற நாலு பேரும் ஒரு பக்கம். பவன் மெக்கானம்தான் வேண்டும் என்றான். அந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சாய்வாகச் சின்னச் சின்ன உருளைகள் இருக்கும். வண்டி திரும்பாமலே பக்கவாட்டில் நழுவிப் போகும். கல்லூரி லேபின் டைல்ஸ் தரையில் அது போன அழகைப் பார்த்து எல்லோரும் சொக்கிப்போனார்கள். பிரவீனாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிடித்ததெல்லாம் வேலைக்கு ஆகுமா என்பதுதான் அவள் கவலை.

போட்டி பெருந்துறையில், ஒரு கல்யாண மண்டபத்தில். அதற்கு மூன்று வாரம் முன்னால் அதே மண்டபத்தில் அவள் மாமன் மகளுக்குக் கல்யாணம். பட்டுப்புடவை கட்டி, கைப்பையில் மெக்கானம் ஒன்றும் ரப்பர் சக்கரம் ஒன்றுமாகப் போய் இறங்கினாள். தாலி கட்டியதும் கூட்டம் பந்திக்கு ஓட, இவள் மேடைக்கு முன்னால் சிவப்புக் கம்பளத்தில் மண்டியிட்டுச் சக்கரம் உருட்டினாள்.

"ஏங்கண்ணு, தோடு கீடு தொலைச்சுபோட்டயா?" மணப்பெண்ணின் அம்மா மயிலாத்தாள் பதறிக்கொண்டு வந்தாள்.

"இல்லீங்கத்தை, தரையப் பாக்கறனுங்க."

"தரையில என்ன கெடக்குது? வந்திருக்கற பசங்களப் பாரு."

தரையில் அட்சதை கிடந்தது. நாலு உருட்டில் மஞ்சள் அரிசி இடுக்கில் ஏறி, மெக்கானத்தின் இரண்டு உருளைகள் சுற்றாமல் நின்றுவிட்டன. ரப்பர் சக்கரம் அரிசியை மிதித்துக்கொண்டு போனது. போட்டிக்கும் இதே கம்பளம்தான் என்றார் மண்டப மேலாளர்.

"ரெண்டு அரிசிக்குப் பயந்துட்டயா?" என்று லேபில் சிரித்தான் பவன்.

"அரிசி மட்டுமில்ல. எதிர் வண்டி பக்கவாட்டுல முட்டித் தள்ளுனா அந்த உருளை தன்னால வழுக்கிக் குடுத்துரும். ஆறு ரப்பர் சக்கரம் போடறோம். தோத்தா அடுத்த வருசம் ரிமோட்டும் உனக்குத்தான், கேப்டனும் நீதான்."

இரண்டு வருடமாக அந்த ரிமோட்டை யாரையும் தொடக்கூட விடாதவள் சொல்கிறாள். அதனால்தான் ஒத்துக்கொண்டார்கள்.

இறுதிச் சுற்றில் எதிரே நின்றது கோயம்புத்தூர் அணி. அவர்களுடையது மெக்கானம். இரண்டு நிமிடம் முடியும்போது நடுக்கட்டத்தில் நிற்கும் ரோபோவுக்கே கோப்பை. ஆரம்பிக்கும் முன் அவர்கள் கேப்டன் ரிஃபத் தயங்கித் தயங்கி வந்தான்.

"ஏனுங்க, ஊசி இருக்குதுங்களா? சக்கரத்துல அரிசி மாட்டிக்கிச்சு."

"குடுக்காத" என்று பின்னாலிருந்து பல்லைக் கடித்தான் பவன். பிரவீனா கொண்டை ஊசியை உருவினாள். தானே உட்கார்ந்து நாலு சக்கரத்திலும் இருந்த அரிசியை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா?"

"அரிசிதான் ஜெயிச்சுக் குடுத்துச்சுன்னு நீ வருசம் பூராச் சொல்லுவ. எனக்கு அது வேண்டாம்."

விசில் ஊதியது. ரிஃபத்தின் வண்டி சல்லென்று நழுவி நடுக்கட்டத்தைப் பிடித்தது. பவன் கண்ணை மூடிக்கொண்டான். பிரவீனா அவசரப்படவில்லை. முப்பது நொடி இருக்கையில் அதன் பக்கவாட்டில் போய் முட்டி, நேராகத் தள்ளினாள். எந்த நழுவலைப் பார்த்து எல்லோரும் சொக்கிப்போனார்களோ, அதே நழுவலில் அந்த வண்டி கட்டத்தை விட்டு வெளியே போனது. அது திரும்ப வந்து முட்டியபோது, நடுக்கட்டத்தில் நின்ற ஆறு ரப்பர் சக்கரமும் அசையவில்லை.

மணி அடித்தது. ரிஃபத்தே முதலில் கை தட்டினான். பவன் ரிமோட் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் நீட்டிச் சொன்னான்:

"பத்திரமா உள்ள வெச்சுபோடு. அடுத்த வருசம் உனக்கு வேணுமில்ல."