பூசை அலமாரியின் நெடி

பூசை அலமாரியைத் திறந்ததும் லட்சுமிகாந்தம் முதலில் நடராசரைப் பார்க்கவில்லை. மூச்சை ஆழ இழுத்தாள். நெடி வந்தது. மூக்கின் நுனியைத் தொட்டுவிட்டுப் போகும் அளவே வந்தது. அதன் பிறகே விளக்கை ஏற்றினாள்.

மணமான ஆண்டில் அவள் கணவர் வெள்ளைத்துரை சிவகாசியில் வாங்கி விருதுநகருக்குக் கொண்டுவந்த அலமாரி அது. மரத்தூளைப் பசையில் பிசைந்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகை. மேலே தேக்கு நிறத்தில் ஒரு காகிதத் தோல். புதிதில் கதவைத் திறந்தாலே கண் எரியும். வத்தல் மண்டியில் வளர்ந்து, மிளகாய் நெடிக்கு ஒருநாளும் கண்கலங்காத வெள்ளைத்துரை, அந்தப் பலகையின்முன் பதிகம் பாடும்போது தாரை தாரையாய்க் கண்ணீர் வடித்தார். அருகில் நின்ற புது மனைவியும் வடித்தாள்.

ஒரு காலை, மண்டிச் சாவி வாங்க வந்த நண்பர் சங்கரலிங்கம் வாசலிலேயே திகைத்து நின்றார்.

"ஏலே வெள்ளைத்துரை, நீ அம்புட்டுப் பெரிய பக்தனாலே? புருசனும் பொஞ்சாதியுமா இப்படி உருகுறீகளே!"

வெள்ளைத்துரை மறுக்கவில்லை. துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "நம்ம கையில என்னப்பா இருக்கு" என்றார். நண்பர் தெருமுனை திரும்பும்வரை அடக்கிவைத்த சிரிப்பை இருவரும் பிறகு வாய்விட்டுச் சிரித்துத் தீர்த்தார்கள்.

பதிகத்தின் நடுவே ஓர் அடியில் அவர் எப்போதும் நிறுத்துவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்வார். நெடி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, மகள் ஆர்த்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் முற்றும் ஒழிந்தது. அவர் நிறுத்துவது மட்டும் ஒழியவில்லை, நாவுக்குப் பழகிவிட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் மாரடைப்பில் அவர் மறைந்தபின் அந்த இடைவெளியும் வீட்டில் இல்லாமற்போயிற்று.

சென்ற ஐப்பசி மழையில் சுவர் கசிந்து அலமாரியின் பின்பலகை நனைந்தது. மறுநாள் கதவைத் திறந்த லட்சுமிகாந்தம் அப்படியே நின்றுவிட்டாள். மணமான ஆண்டின் நெடி! அன்று தொட்டு நாள்தோறும் விடியலில் ஒரு துணியைச் சுடுநீரில் தோய்த்துப் பின்பலகையில் ஒற்றி வைத்தாள். கதவைச் சிறிது நேரம் சாத்திவைப்பாள், பிறகு திறப்பாள், அவர் வந்து அருகில் நிற்பார்.

சிவகாசியில் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றில் பசைகளைச் சோதிக்கும் வேலை ஆர்த்திக்கு. தீபாவளி சீசன் முடிந்து விடுப்பில் வந்தவள், கும்பிட நின்ற இடத்தில் கையை இறக்கினாள்.

"என்னம்மா, நடராசர் ஒருபக்கமாச் சாஞ்சு ஆடுறாரு?"

நடராசர் நின்ற தட்டுப்பலகை ஊறிப் பருத்து இறங்கியிருந்தது. விரலால் அழுத்தினாள், பலகை உள்வாங்கியது. பின்னால் கைவிட்டபோது வெதுவெதுப்பாக ஒரு துணி அகப்பட்டது.

"இது எதுக்கு?"

"தொடைக்க."

"சாமியவிட்டுட்டுப் பின்பலகையவா தொடைப்பாக?"

லட்சுமிகாந்தம் அலமாரிக் கதவை இன்னும் அகலத் திறந்தாள். "மோந்து பாரு" என்றாள்.

ஆர்த்தி குனிந்து மோந்தாள். ஆய்வகத்தில் தினமும் காணும் நெடி. "பார்மால்டிஹைடும்மா. பலகைப் பசையில சேக்குற ரசாயனம்."

"உங்க அப்பா வாசம்டி."

துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்த்தி தாயின் அருகில் உட்கார்ந்தாள்.

"புதுசுல, பசையில கோக்காம மிஞ்சுனது வெளிய வந்துச்சும்மா. அதுதான் உங்க ரெண்டு பேரு கண்ணும் எரிஞ்சது. அது போகப் போக, உள்ள இருந்தது ஒண்ணோட ஒண்ணு கோத்து, வலை மாதிரி இறுகிருச்சு. நெடியும் நின்னுருச்சு. இப்ப வர்றது அந்த மிச்சம் இல்ல. சூடும் ஈரமும் பட்டு அந்த வலையே அறுந்து, பழையபடி ஆகுது."

"பழையபடி ஆகுதுல்ல?" தாய் அந்த ஒரு சொல்லையே பற்றிக்கொண்டாள்.

"ஆகுது. ஆனா மறுபடி கோக்காது. நீ ஒவ்வொரு தடவை மோக்கயிலயும் அப்பா வாங்குன அலமாரி கொஞ்சங் கொஞ்சமாக் காத்தாப் போகுதும்மா. உன் நெஞ்சுக்கும் ஆகாது."

லட்சுமிகாந்தம் சாய்ந்த தட்டையே பார்த்திருந்தாள். வருவதாக எண்ணி விடியல்தோறும் அவள் எதிர்கொண்டு அழைத்தது உண்மையில் விடைபெற்றுக்கொண்டிருந்தது. அவர் கைப்பட்ட பலகை வேண்டுமானால் அவர் வாசம் இல்லை. வாசம் வேண்டுமானால் பலகை இல்லை.

நெடுநேரம் கழித்து எழுந்தாள். "ஒரு தடவை. நீயும் நில்லு."

ஆர்த்தி மறுக்க வாயெடுத்தாள். தாயின் முகத்தைக் கண்டு, சன்னல்களை மட்டும் திறந்துவிட்டு வந்து நின்றாள். துணியைப் புதிதாகத் தோய்த்து ஒற்றி, கதவைச் சாத்தி, திறந்தார்கள். மகளின் கண் கலங்கியது.

"அப்பாவுக்கு இம்புட்டா எரிஞ்சுச்சு?"

"இதவிட எரியும். மிளகாய்க்கே கண்கலங்காத மண்டிக்காரக, வெளிய சொல்ல வெக்கம். பக்தின்னு சொல்லிக்கிட்டாக."

ஆர்த்தி சிரித்தாள், கன்னத்தில் நீர் வழிந்தது. லட்சுமிகாந்தம் துணியை எடுத்துப் பிழிந்து, வெயிலில் கொடியில் போட்டாள். "முனியராஜ் ஆசாரிய வரச் சொல்லு. தட்டுக்கு முட்டுக் கொடுக்கட்டும்."

முனியராஜ் பித்தளைத் தாங்கிகள் அடித்துக் கொடுத்தார். கசிந்த சுவரும் பூசப்பட்டது. கதவு திறந்தபடி மின்விசிறியின் கீழ் அலமாரி காய்ந்தது.

ஆர்த்தி சிவகாசிக்குத் திரும்பும் நாள் காலையில் லட்சுமிகாந்தம் கதவைத் திறந்தாள். மூச்சை இழுத்தாள், கற்பூரமும் எண்ணெயும் தவிர ஒன்றுமில்லை. நடராசர் நேராக நின்றார். பதிகம் தொடங்கினாள். நடுவே அந்த அடி வந்ததும் குரல் நின்றது.

"என்னம்மா, மறந்துருச்சா?" அடுப்படியிலிருந்து ஆர்த்தி கேட்டாள்.

லட்சுமிகாந்தம் திரும்பாமல், பொறு என்று கையை உயர்த்தினாள். ஒருவர் துண்டை எடுத்து இரு கண்ணையும் துடைத்து மீண்டும் தோளில் போட்டுக்கொள்ளும் பொழுது கழிந்தது. பிறகு அடுத்த அடியைப் பாடினாள்.