வெள்ளைத்தாளும் ஏழு மணி வெளிச்சமும்

பத்தாயிரத்தில் ஒன்று என்றால் பூஜ்யம் என்று பொருள். மனித குலத்துக்கு இந்த உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். புள்ளியியல் இரண்டாம் ஆண்டுதான் என்பதால் அடக்கமாக வீட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

சந்தர்ப்பம், அம்மாவின் புதிய சர்க்கரை மாத்திரை. பெட்டிக்குள் மடித்திருந்த சீட்டை அப்பா கடைசி வரி வரை படித்தார்: மிக அரிதாக, பத்தாயிரத்தில் ஒருவருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம், கண் மஞ்சளானால் மருத்துவரைப் பார்க்கவும். அப்பா அச்சகத்தில் நிறம் பார்ப்பவர். இயந்திரம் துப்பும் முதல் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய், எந்த மை கூடியிருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. ட்யூப்லைட்டை மட்டும் நம்ப மாட்டார்.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு அம்மா ஜன்னலருகே நிற்க வேண்டும். கன்னத்தோடு ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, கீழிமையை இழுத்து, இரண்டு வெள்ளையையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"அடுப்புல பால் இருக்குங்க."

"பொங்கட்டும். மேல பாரு."

"எத்தனை காப்பி அடிக்கப் போறீங்கப்பா?" என்பேன்.

"ஒரு காப்பி போட்டதே இந்த லட்சணத்துல நிக்குது" என்று என்னைக் காட்டுவார்.

முப்பத்தொன்பதாம் நாள் அவர் தாளை இறக்கவில்லை. "மஞ்சள் ஏறியிருக்கு."

நானும் பார்த்தேன். எனக்கு வெள்ளைதான். ஆனால் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நாலு நாளா சோறு எறங்கல. இப்பத்தான் சர்க்கரை கொறஞ்சுது, மாத்திரைய நிறுத்திருவாங்கன்னு சொல்லல."

மருத்துவர் ட்யூப்லைட்டில் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"ஜன்னல்கிட்ட வாங்க டாக்டர்."

வந்தார். தாளைத் தானே வாங்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு பதினொரு மடங்கு ஏறியிருந்தது. மாத்திரையை அன்றே நிறுத்தி, அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா..." என்று மருத்துவர் தொடங்கிய வாக்கியம் முடியவில்லை. என் பூஜ்யத்தோடு நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

புண்பட்ட கல்லீரல் தன்னைத் தானே திரும்பக் கட்டிக்கொள்ளுமாம். யாரும் சொல்லிக்கொடுக்காமல், விலா எலும்புக்குக் கீழே, இருட்டில். ஆறு வாரம் அது கட்டியது. வெளியே ஜன்னலோரம் நின்று அப்பா அதை அம்மாவின் கண்ணில் படித்துக்கொண்டிருந்தார்: "இன்னைக்குக் கொஞ்சம் எறங்கிருக்கு."

இப்போது அம்மாவுக்கு வேறு மாத்திரை. அதன் சீட்டில் கல்லீரல் என்ற சொல்லே இல்லை. இரண்டு முறை படித்துவிட்டேன். அப்பாவுக்கு இந்த வாரம் அதிகாலை ஷிப்ட். ஏழு மணிக்கு அவருடைய வெள்ளைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன்.

"அம்மா, ஜன்னல்கிட்ட வா."

"அடுப்புல பால் இருக்குடா."

"மேல பாரு."

பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அசையவில்லை.