நாலரை அடி மெத்தை

நீலாவதி இஞ்ச் டேப்பின் ஒரு முனையை ஜவானின் மூக்குக்கு நேரே தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு முனையை வால் தொடங்கும் இடம் வரை இழுத்தாள். மூன்றே முக்கால் அடி. அதற்கு மேல் ஒரு சாண் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். ஆக நாலரை. நாய் ஒருக்களித்துப் படுத்தபடி கண்ணை மட்டும் உருட்டி அவளைப் பார்த்தது.

“நாலரை அடியா?” என்று பின்வாசற்படியிலிருந்து கேட்டார் மாமனார் ஜம்புலிங்கம். “எங்கப்பன் எனக்குக் கோணிச்சாக்குதான் விரிச்சுப் போட்டான். அதுல படுத்தே அஞ்சேமுக்கால் அடி வளந்துட்டேன்.”

“நீங்க வளந்தது இருக்கட்டும் மாமா. அது எந்திரிக்கணும்ல.”

அவர் பழைய வேட்டியை நாலாக மடித்து நாயின் அடிவயிற்றுக்குக் கீழே நுழைத்தார். இரண்டு முனைகளையும் முறுக்கிக் கையில் சுற்றிக்கொண்டு தூக்கினார். முப்பத்தெட்டு கிலோ. முன்னங்கால்கள் நின்றன, பின்னங்கால்கள் சிமெண்டில் வழுக்கிக்கொண்டு போயின. விட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தூக்கினார். இரண்டாவது முறை நின்றது. ஜவான் நொண்டிக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போயிற்று. அவர் படியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். இரவெல்லாம் மழை பெய்து குளிர்ந்திருந்த காலை அது, வியர்க்கிற வேளை இல்லை. நீலாவதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று சீப்பைத் தேடப் போனாள். கப்பல் டிக்கெட் கவுண்டரை அவள்தான் ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும்.

டாக்டர் ஆவணியிலேயே சொல்லிவிட்டார். பெரிய நாய்களுக்கு வயதானால் இடுப்பு மூட்டு தேய்ந்து போகும். வெறும் சிமெண்டில் படுத்தால் மூட்டு இறுகிப்போய் எழ முடியாது. படுக்கை மெத்துமெத்தென்றும் இருக்கக் கூடாது, கல் மாதிரியும் இருக்கக் கூடாது. முட்டியால் அழுத்திப் பாருங்கள், முட்டி தரையைத் தொட்டால் அந்த மெத்தை உதவாது என்றார். நாலு இஞ்ச் கனம் வேண்டும். ஓரம் தூக்கலாக இருக்கக் கூடாது, நாயால் காலைத் தூக்கி வைக்க முடியாது. மூத்திரம் ஊறாதபடி ரெக்சின் உறை. அவர் சொல்லச் சொல்ல நீலாவதி மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டு வந்தும் முதலில் வீட்டில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையைத்தான் இரண்டாக மடித்துப் போட்டாள். ஜவான் அதற்குள் புதைந்து, ஊன்றிக்கொள்ள இடமில்லாமல் உதைத்துக்கொண்டது. அன்றைக்கு அதைத் தூக்க மாமாவோடு அவளும் சேர வேண்டியிருந்தது.

அப்புறம் ஃபோம் என்று முடிவாயிற்று. முடிவான பிறகும் மூன்று மாதம் போய்விட்டது. மாமா வேண்டாம் என்றார். அவள் வற்புறுத்தவில்லை.

அவர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து இளவட்டமாகக் கப்பலேறி வந்து, நிக்கோபாரின் கச்சால் தீவில், தோட்டத்து லைன் வீட்டில் குடியிருந்து ரப்பர் பால் வெட்டியவர். சுனாமி அலை வந்தபோது மனைவி செல்லத்தைப் பறிகொடுத்தார். மகன் ரவிச்சந்திரனோடு போர்ட் பிளேர் முகாமுக்கு வந்து சேர்ந்தார். முகாமில் பிறந்த குட்டிதான் ஜவான். பட்டாளத்துக்காரர்கள் ரொட்டி போட்டு வளர்த்ததால் அந்தப் பெயர். நேவி குவார்ட்டர்ஸ் அல்சேஷனுக்குப் பிறந்ததாகச் சொன்னார்கள், அந்த வளர்த்தி. அதே ஊரில் ஷாதிபூர்ப் பக்கம் வீடு பிடித்துக் குடிவந்த நாள் முதல் பின்தாழ்வாரத்துச் சிமெண்டில் நாய் படுக்கும், பக்கத்தில் பாய் விரித்து அவர் படுப்பார். இந்தத் தீவில் தரை எப்போதாவது லேசாக நடுங்கும். ஷோகேஸ் கண்ணாடி அதிர்வதற்கு முன்னால் ஜவான் எழுந்து உறுமிவிடும். அவர் வீட்டையே எழுப்பிவிடுவார். சைரனையும் செல்போனையும் அவர் நம்பியதில்லை.

நாலு இஞ்ச் ஃபோம் மேல் படுத்தால் அதற்குத் தரை நடுங்குவது எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. முதல்முறை கேட்டபோது நீலாவதி சிரித்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை.

“அலை வந்த அன்னைக்கு நம்ம லைன்ல ஒரு நாய் மேட்டப் பாத்து ஓடுறதும் திரும்பி வந்து கத்துறதுமா இருந்துச்சு நீலா,” என்றார். “தூக்கத்தக் கெடுக்குதேன்னு நாந்தான் கல்லெடுத்து எறிஞ்சேன்.”

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. மெத்தைப் பேச்சையும் அவ்வளவாக எடுக்கவில்லை. நேற்று அவராகவே மனம் இறங்கி, வாங்கச் சொல்லியிருந்தார். இன்று அவள் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ரெண்டு இஞ்ச் போதும் நீலா. மெலிசா வாங்கு.”

“சரி மாமா,” என்றாள். நாலு இஞ்ச்தான் வாங்கப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

போகிற வழியில், அபர்தீன் பஜார் மெத்தைக் கடையில் பெங்காலி முதலாளி மூன்று மெத்தைகளை எடுத்துப் போட்டார். நீலாவதி சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் முட்டி போட்டாள். வெள்ளை ஃபோமில் முட்டி நேராகத் தரையில் போய் இடித்தது. தேங்காய்நார் மெத்தை பலகை மாதிரி இருந்தது. மூன்றாவது, துண்டு துண்டான பல நிறப் பஞ்சுகளை ஒட்டி அழுத்திய ஃபோம். அதில் முட்டி பாதி வரை இறங்கி நின்றது. எடுத்ததும் பள்ளம் மூடிக்கொண்டது. இதுதான் என்றாள். யாருக்கு என்று முதலாளி இந்தியில் கேட்டார். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நாய்க்கு என்று சொல்ல வாய் வரவில்லை. மாமனாருக்கு, மூட்டுவலி என்றாள். நாலரை அடி போதுமா என்று அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சுருண்டுதான் படுப்பார் என்று சொல்லிவிட்டாள். உறை தைத்து மறுநாள் காலை அனுப்புவதாகச் சொல்லி, கடைப் பையனிடம் இன்றே வேலையை முடிக்கும்படி சொன்னார், வயசானவங்க விஷயம் என்று.

பதினொன்றரை மணிக்குக் கவுண்டரில் போன் அடித்தது. பக்கத்து வீட்டு ஒச்சம்மா. அவளும் கச்சாலிலிருந்து வந்தவள்தான். என்ன சொல்வதென்று தெரியாமல், நாய் ஓயாமல் குலைத்தது, எட்டிப் பார்த்தேன் என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மாமாவின் உயிர் போயிருந்தது, வலது மணிக்கட்டில் வேட்டி முறுக்கு அப்படியே சுற்றியிருந்தது. டாக்டர் வயதைக் கேட்டார், நெஞ்சுவலி முன்னால் வந்ததுண்டா என்று கேட்டார். நீலாவதிக்குத் தெரியவில்லை. கழுத்தைத் துடைத்தது மட்டும்தான் தெரியும், அதைச் சொல்லவில்லை.

ரவிச்சந்திரனுக்கு ஹட்பே துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை. மறுநாள் காலைதான் வந்து சேர முடிந்தது. கப்பல் துறையிலிருந்து நேராக வந்தவன், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். பெரியதம்பி பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். கச்சாலில் மாமாவோடு ஒரே லைனில் குடியிருந்தவர். பெண்கள் அழுது ஓய்ந்து, மறுபடி அழ ஆள் வருவதற்காகக் காத்திருந்தார்கள். பின்தாழ்வாரத்தில் ஜவான் நேற்று அவரோடு விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஒச்சம்மாவின் மருமகன் தூக்கப் பார்த்தானாம், உறுமிற்றாம். அதன் அடியில் ஈரம் பரவியிருந்தது. நீலாவதி சாக்கை வைத்துத் துடைத்துவிட்டு வந்தாள். இரண்டு முறை வேட்டியை எடுத்தாள். ஒற்றையாளாகத் தூக்க முடியவில்லை.

பத்து மணி சுமாருக்குச் சரக்கு ஆட்டோ வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்து ஓட்டுநர் தயங்கினான். பழுப்பு ரெக்சின் உறை போட்ட மெத்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்து, சீட்டைப் பார்த்து இந்தியில் படித்தான்: மாமனாருக்கு, மூட்டுவலி, அவசரம்.

எல்லோரும் மெத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒச்சம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“மருமக மெத்தை வாங்கியாந்திருக்காண்ணே. பெத்த மக கூட இப்படிப் பாக்க மாட்டாளே.”

அது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போயிற்று. யாரோ நீலாவதியின் தலையைத் தடவினார்கள். தன் மருமகள் மூன்று வருடமாக ஒரு தலையணை உறை மாற்றியதில்லை என்று ஒரு கிழவி தன் கதையைத் தொடங்கினாள். ரவிச்சந்திரன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். நேற்று முன்தினம் கூடப் போனில் நாய் மெத்தையைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். அவன் மறுபடி அப்பாவின் பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அது கடந்து போவதும் தெரிந்தது.

ஒரு நிமிஷமாவது அவரை அதில் படுக்க வைத்துவிடலாம் என்று ஒச்சம்மா சொன்னாள். நாலு பேர் பாயோடு தூக்கி, பாயை உருவிவிட்டு, மெத்தை மேல் கிடத்தினார்கள். தலை ஒரு ஓரத்தில் சரியாக வந்தது. கெண்டைக்கால் பாதியோடு மெத்தை முடிந்து, இரண்டு குதிகாலும் வெறும் தரையில் இருந்தன. அளவில் எங்கோ தப்பு நடந்துவிட்டது என்றார்கள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள் கிழவி. நீலாவதி அந்தக் குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெடிப்பு வெடிப்பாக இருந்தன. எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் எப்படிப் படுப்பார் என்று அவள் பார்த்ததில்லை. சுருண்டா, நீட்டியா?

குளிப்பாட்டிப் பாடையில் ஏற்றியதும், பெரியதம்பி எப்போதும் சொல்வதைச் சொன்னார். அவர் படுத்த பாய், தலையணை, மெத்தை எல்லாம் கூடவே வர வேண்டும், சுடுகாட்டுக் கரையில் போட்டுவிட வேண்டும். இரண்டு பேர் மெத்தையை உருட்டினார்கள். உருட்ட வரவில்லை, கனம். வாசல் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீலாவதி எழுந்து போய் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது இருக்கட்டும் சித்தப்பா.”

“புள்ள, ஆசப்பட்டு வாங்குனது, தெரியுது. ஆனா அவருக்குன்னு வந்தது வீட்ல இருக்கக் கூடாது.”

“அவருக்கு வாங்கல.” குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “ஜவானுக்கு வாங்குனது. கடையில வெக்கப்பட்டுகிட்டு மாமா பேரச் சொன்னேன். அது எந்திரிக்காம மாமாதான் தினம் தூக்குனாரு. மூணு மாசமா நான் வாங்காம விட்டுட்டேன்.”

தலையைத் தடவிய கை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பின்னால் யாரோ, நாய்க்கு வந்த யோகம் என்று மெல்லச் சொன்னது கேட்டது. பெரியதம்பி அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பின்தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். கிடக்கிற நாயையும் ஈரச் சாக்கையும் வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து மெத்தையை விடும்படி அந்த இருவருக்கும் கை காட்டினார்.

“அவன் நாய் மெத்தையில அவன் செத்த நேரம் படுத்தான்,” என்றார். “அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். நம்ம யாரு.”

பாயும் தலையணையும் போயின.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த பிறகு, வீடு கழுவி விட்ட ஈரம் காய்ந்திருந்தது. நீலாவதி ரெக்சினைச் சோப்புப் போட்டுத் துடைத்து, மெத்தையைப் பின்தாழ்வாரத்தில், காற்றடிக்காத மூலையில் போட்டாள். மேலே ஒரு பருத்திப் போர்வையை இறுக்கி விரித்தாள். மொட்டையடித்திருந்த ரவிச்சந்திரன் முன்பக்கம் பிடித்தான், அவள் வேட்டியைப் பின்பக்கம் கொடுத்தாள். இருவருமாகத் தூக்கி வைத்தார்கள். ஜவான் அதை முகர்ந்தது. நெடுநேரம் ஒரே இடத்தை முகர்ந்துவிட்டுத் தலையைப் போட்டது.

காலையில் அவள் கதவைத் திறந்தபோது அது விழித்திருந்தது. வேட்டியை எடுக்கத் திரும்பினாள். பின்னால் நகம் போர்வையில் உரசும் சத்தம் கேட்டது. ஜவான் முன்னங்காலை ஊன்றி, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, உந்தியது. மெத்தை கொஞ்சம் இறங்கித் தாங்கிக்கொண்டது. எழுந்து நின்றது. கால் நடுங்கிற்று, ஆனால் வழுக்கவில்லை. கொய்யா மரத்தடிக்குப் போய்விட்டுத் தானே திரும்பி வந்தது. ரவிச்சந்திரன் பல்துலக்கியபடி நின்று பார்த்துவிட்டு, குழாயடிக்குப் போய் அதிக நேரம் முகம் கழுவினான்.

ஜவான் மெத்தையில் ஏறி இரண்டு சுற்று சுற்றிப் படுத்தது. பிறகு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து, கழுத்தை நீட்டி, தாடையை மெத்தைக்கு வெளியே சிமெண்டில் வைத்தது. இடம்தான் பத்தவில்லையோ என்று நீலாவதி தலையைத் தூக்கி மெத்தை மேல் வைத்தாள். தலைமாட்டில் ஒரு சாண் காலியாகவே இருந்தது. அவள் கையை எடுத்ததும் அது மறுபடி நீட்டிக்கொண்டது. இன்னொரு முறை தூக்கி வைத்தாள்.

நாய் பொறுமையாக இருந்துவிட்டு, தாடையைத் தரையில் வைத்துக் கண்ணை மூடியது.